பூவில் தொடங்கிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஆட்டோக்காரர் நிற்கும் எந்தச் சந்தியிலும் இரண்டு சொற்களுக்கு விளக்கம் கேட்கமாட்டார்கள். ஒன்று சீஸ், அதாவது தவணை பிந்திய வண்டியைக் கம்பனி பறித்துக்கொள்வது. மற்றது கிரிப். "லீசிங்காரர் வண்டியைச் சீஸ் பண்ணிப்போட்டாங்கள், கிரிப்பிலயும் பேர் விழுந்திட்டுது" என்றால், அந்த ஆளுக்கு இனி ஒரு வங்கியும் கடன் தராது என்று சந்தியே தீர்ப்பு எழுதிவிடும்.

தீர்ப்பில் பாதி பிழை. கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. அங்கே கறுப்புப் பட்டியல் கிடையாது. யாரிடம் எவ்வளவு கடன், எந்த மாதத் தவணை எத்தனை நாள் பிந்தியது என்ற நாட்குறிப்புத்தான் உண்டு. ஒழுங்காகக் கட்டிய மாதங்களும் அதே தாளில் இருக்கும். கடன் கொடுப்பதா, விடுவதா என்பது அதைப் பார்க்கும் வங்கியின் பாடு.

இப்போது அந்த நாட்குறிப்பை வைத்துக் கிரிப் போடும், 250 முதல் 900 வரையான ஒரு புள்ளியும் உண்டு. இப்படி மனிதரை ஓர் எண்ணாக்கும் வித்தையின் வேரைத் தேடினால் இன்னொரு குடாநாட்டுக்குப் போகவேண்டும். கனடாவின் காஸ்பே குடாநாட்டில் எட்கர் அண்டர்சன் என்ற தாவரவியலாளர் ஐரிஸ் பூக்களை அளந்தார். 1936 இல் ரொனால்ட் பிஷர் அந்த அளவுகளையும் சேர்த்து மூன்று இனங்களின் 150 பூக்களை எடுத்துக்கொண்டார். அல்லியிதழின் நீளம், அகலம், புல்லியிதழின் நீளம், அகலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டினார். வந்த ஒற்றை எண் இனங்களைப் பிரித்துக் காட்டியது. ஐந்தே ஆண்டுகளில், 1941 இல், அமெரிக்காவில் டேவிட் டுராண்ட் அதே கணக்கைத் தவணைக் கடனாளிகள் மேல் போட்டுப் பார்த்தார். இதழின் இடத்தில் தொழிலும், வேலையில் நிலைத்த காலமும் வந்தன. பூ இனங்களைப் போலவே கட்டுவோரையும் கட்டாதோரையும் பிரிக்கப் பார்த்தார்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஐரிஸ் பூ தன் இனத்தை மாற்றிக்கொள்ளாது. மனிதரின் நிலைமையோ மாறும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். அதை வைத்துக்கொண்டு தவணைக்காசு உழைக்க முடியாமல் போனவரின் தாளில் பிந்திய நாட்கள் மட்டும் இருக்கும். பெற்றோல் வரிசை இராது.

சரி, வண்டி போய்விட்டது. லீசிங் முடியும்வரை வண்டி கம்பனியுடையது. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் நிற்பது இந்த அடிப்படையில்தான். ஆனால் வண்டியோடு கணக்கும் போய்விடும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. ஒரு பேச்சுக்கு, நிலுவை 6 இலட்சம் என்று வையுங்கள். வண்டி 4.5 இலட்சத்துக்கு விலைபோகிறது. இழுத்த கூலி, நிறுத்திவைத்த கூலி என்று 20 ஆயிரம். மிச்சம் 1.7 இலட்சம் உங்கள் பெயரிலேயே நின்று, மாதம் மாதமாகப் பிந்திக்கொண்டே போகும்.

ஆகவே விற்ற விலையோடு கூடிய கணக்கை எழுத்தில் கேளுங்கள். பேசிக் குறைத்துக் கட்டினாலும், முடித்ததற்குக் கடிதம் இல்லாமல் வெளியே வராதீர்கள். பிறகு உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் கிரிப் தானாக அழிக்காது. தகவல் கொடுத்த நிறுவனம்தான் திருத்தி அனுப்பவேண்டும். கட்டி முடித்தாலும் பழைய மாதங்கள் உடனே மறையமாட்டா. நிலுவை என்ற இடத்தில் சுழியம் விழும். அடுத்த வங்கி முதலில் தேடுவது அதைத்தான்.

பிணைக்குக் கையெழுத்து வைத்த மச்சானையும் மறக்கவேண்டாம். அவருடைய அறிக்கையிலும் இந்த ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போகும்வரை அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.