எதிரியும் கைகொடுத்தால்தான் செக்மேட்

புதுச்சேரியின் சேதராப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மாமல்லபுரத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அங்கே 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்திறங்கின. அந்தச் சூடு ஆறுவதற்குள், 2024 டிசம்பரில், சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களிலும் செஸ் தெரியாத வீடு குறைந்துவிட்டது. வில்லியனூர் கொம்யூனின் தொழிற்பேட்டை ஊரான சேதராப்பட்டில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் செல்பேசியிலும் செஸ் செயலி ஓடுகிறது.

ஆனால் செஸ்ஸுக்குள்ளேயே இன்னொரு உலகம் இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. அங்கே யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. பலகையில் ஒருவர் நிலை ஒன்றை அமைப்பார்; இன்னொருவர் அதைத் தீர்ப்பார். செஸ் சிக்கல் என்று பெயர். செயலிகள் தினமும் தரும் புதிர்களில் பெரும்பாலானவை யாரோ ஆடிய ஆட்டத்திலிருந்து வெட்டி எடுத்தவை. இது அப்படியல்ல, ஒவ்வொரு காயும் யோசித்து வைத்தது. இந்த உலகத்திலேயே விசித்திரமான பிரிவு ஹெல்ப்மேட். கறுப்பு ராஜாவைச் செக்மேட் செய்ய வேண்டும், அதற்குக் கறுப்பே உதவ வேண்டும்.

விதி சுலபம். வழக்கமாகக் கறுப்பு முதலில் நகரும். பிறகு வெள்ளை, மறுபடி கறுப்பு. குறித்த எண்ணிக்கையில் வெள்ளையின் கடைசி நகர்த்தல் மேட் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டணி என்றால் இதில் என்ன கஷ்டம் என்று கேட்கத் தோன்றும். இரு வீட்டாரும் சம்மதித்த கல்யாணத்திலும் முகூர்த்தம் தப்பினால் சிக்கல்தானே. இங்கே முகூர்த்தம் செஸ் விதிகள்தான். முறை வந்தால் நகர்த்தியே தீர வேண்டும், ‘பாஸ்’ கிடையாது. தன் ராஜாவைத் தாக்குதலில் கொண்டுபோய் வைக்கக்கூடாது. இந்த இரண்டு விதிகளும் போதும், கூட்டணியைத் தவிக்க வைக்க.

இந்தக் கலையின் வரலாற்றில் இந்தியாவின் பெயர் எதிர்பாராத இடத்தில் வருகிறது. 1845-ல் லண்டனில் ஹோவர்ட் ஸ்டான்டன் நடத்திய ‘செஸ் பிளேயர்ஸ் கிரானிக்கிள்’ இதழில் நான்கு நகர்த்தல் சிக்கல் ஒன்று வெளியானது. அனுப்பியவர் பெயர் ‘ஷாகிர்த்’, அதாவது சீடன். வந்த இடம் இந்தியா. அந்தச் சீடன், டில்லியில் பாதிரியாராக இருந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்பது பிறகுதான் தெரிந்தது.

லவ்டேயின் சிக்கலில் வெள்ளைக்குப் பலம் ஏராளம். ஆனால் அவசரப்பட்டால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமே இல்லாமல் போய் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. வெள்ளை என்ன செய்கிறது? எச்6-ல் நிற்கும் மந்திரி (பிஷப்) பலகையின் மறுகோடியான சி1-க்குப் பின்வாங்குகிறது. போகிற வழியில் டி2 கட்டத்தைத் தாண்டுகிறது. பிறகு யானை, அதாவது ரூக், அதே டி2-ல் வந்து உட்கார்ந்து தன் மந்திரியின் பாதையையே மறிக்கிறது. கதவு சாத்தியதால் கறுப்பு ராஜாவுக்கு எஃப்4 கட்டம் திறக்கிறது. ராஜா அங்கே காலடி வைத்ததும் யானை டி4-க்குப் பாய்கிறது. பின்னாலிருந்த மந்திரியின் கோடும் திறந்துவிட, ஒரே நேரத்தில் இரண்டு செக். மேட்.

பின்வாங்கு, மறி, திற. இந்த மூன்று படிக்கும் உலகம் வைத்த பெயர் ‘இந்தியன் தீம்’. 1903-ல் கோட்ஸ், கொக்கெல்கோர்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதை மட்டுமே ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். சிக்கல் அமைப்பில் ‘கருத்து’தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்ற ஜெர்மன் பள்ளி அதிலிருந்து கிளம்பியது.

ஹெல்ப்மேட் பிறந்தது லவ்டேயின் சிக்கலுக்குச் சில வருடம் கழித்து. 1854-ல் மேக்ஸ் லாங்கே ஜெர்மன் இதழ் ஒன்றில் இந்த யோசனையைத் தொடங்கிவைத்தார். கறுப்பு முதலில் நகரும் இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் அமெரிக்கர் சாம் லாய்ட். 1860 நவம்பரில் ‘செஸ் மன்த்லி’யில் மூன்று நகர்த்தல் ஹெல்ப்மேட் ஒன்றை வெளியிட்டபோது அவருக்கு வயது 19. அதன் விடையைப் பாருங்கள்: கறுப்பு ராஜா எஃப்6, வெள்ளை யானை ஏ8, ராஜா ஜி7, மந்திரி பி8, ராஜா எச்8, மந்திரி இ5 மேட். யானை மூலைக்குப் போகிறது, மந்திரி அதன் முன்னால் நின்று மறிக்கிறது, ராஜா துணிந்து மூலைக்குள் நுழைகிறது, மந்திரி விலகியதும் இரட்டைச் செக். யானை பி8-ஐத் தாண்டிப் போகாததால் கறாரான பண்டிதர்கள் இதை முழு இந்தியன் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பங்காளி என்று சொல்லலாம். லவ்டேயின் சிக்கலில் கறுப்பு ராஜா வேறு வழியில்லாமல் வலையில் விழுகிறது. லாய்டிடம் தானே நடந்து வருகிறது. ஹெல்ப்மேட்டின் மொத்தச் சுவையும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

சொல்லிப் புரியவைப்பதைவிடப் பலகையில் பார்ப்பது நல்லது. விளக்கத்துக்காக அமைத்த எளிய நிலை இது. வெள்ளை: ராஜா சி1, யானை ஏ8, மந்திரி டி6. கறுப்பு: ராஜா ஜி7, சிப்பாய் எச்7. மொத்தம் ஐந்தே காய். வெள்ளை முதலில் நகர்கிறது, கறுப்பு ஒரு நகர்த்தல், வெள்ளை மேட். இதை ‘ஒன்றரை நகர்த்தல்’ ஹெல்ப்மேட் என்பார்கள். விடை இரண்டு. மேலே படிக்கும் முன் காய்களை வைத்து முயல விரும்புகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கறுப்பு ராஜா எச்8-க்குப் போனால் காரியம் சுலபம், ஏனென்றால் எச்7-ல் தன் சிப்பாயே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் எட்டாவது வரிசை முழுவதும் யானையின் ஆதிக்கத்தில் இருக்கிறது. அங்கே ராஜா கால்வைக்க விதி அனுமதிக்காது. ஆக வெள்ளை தன் யானையைத் தானே முடக்க வேண்டும். முதல் வழி: மந்திரி பி8, ராஜா எச்8, மந்திரி இ5. யானை, மந்திரி இரண்டும் சேர்ந்து செக். ஜி8 யானையிடம், ஜி7 மந்திரியிடம், எச்7 சொந்தச் சிப்பாயிடம். மேட். இது லாய்டின் முடிவேதான். இரண்டாவது வழி: மந்திரி எதிர்ப்பக்கம் எஃப்8-க்கு, செக்கோடு. ராஜா எச்8. மந்திரி எச்6. இப்போது செக் கொடுப்பது யானை மட்டும், மந்திரி ஜி7-ஐக் காக்கிறது. இதுவும் மேட்.

ஒரே இயந்திரம், இரண்டு பக்கம். யானையும் அதை மறித்துக்கொண்டு நிற்கும் மந்திரியும் சேர்ந்த ஜோடிக்கு ‘பேட்டரி’ என்று பெயர். முன்னால் நிற்கும் காய் விலகும்போது பின்னால் இருப்பது சுடும். காய் அமைப்பவர்கள் ‘மெக்கானிசம்’ என்று சொல்வது இதைத்தான்: மறிப்பு, பேட்டரி, கட்டம் அடைத்தல், கட்டிப்போடுதல் (பின்), சும்மா ஒரு நகர்த்தல் கழித்தல். தீம் என்பது வேறு. இந்தக் கருவிகளைக் கொண்டு எதைக் காட்டுகிறோம் என்பது தீம்.

இந்த ஐந்து காய் நிலையைப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர் முகம் சுளிப்பார். இரண்டு விடையிலும் கறுப்பின் நகர்த்தல் ஒன்றே, எச்8. நல்ல ஹெல்ப்மேட்டில் கறுப்பும் வெள்ளையும் இரண்டு விடையிலும் வேறு வேறு நகர்த்தல் செய்ய வேண்டும், ஆனாலும் இரண்டும் அண்ணன் தம்பி என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

சிக்கல் எப்படிச் சாகிறது என்பதையும் இதே பலகையில் பார்க்கலாம். எச்7-ல் உள்ள கறுப்புச் சிப்பாயை எடுத்துவிட்டு ஜி6-ல் வெள்ளைச் சிப்பாய் ஒன்றை வையுங்கள். எச்7-ஐ அது காவல் காக்கிறது, அதனால் இரண்டு விடையும் அப்படியே வேலை செய்யும். ஆனால் மந்திரி எஃப்8-க்கு வந்து செக் சொன்ன பிறகு ராஜா எச்8-க்குப் பதில் ஜி8-க்குப் போனாலும் மந்திரி எச்6 மேட்! புதுச் சிப்பாய் எஃப்7-ஐயும் காப்பதால் வந்த வினை. அமைத்தவர் நினைக்காத இப்படிப்பட்ட விடைக்கு ‘குக்’ என்று பெயர். ஒரு குக் இருந்தாலே சிக்கல் செல்லாது.

அடுத்தது காலக்கணக்கு. பழைய ஐந்து காய் நிலைக்கே திரும்பி, கறுப்பு முதலில் நகர வேண்டும் என்று மட்டும் மாற்றுங்கள். கூடுதலாக ஒரு நகர்த்தல் கிடைத்தது லாபம்தானே என்று தோன்றும். அதுதான் ஆபத்து. சிப்பாயை நகர்த்தினால் எச்7 திறந்துவிடும். ராஜாவை நகர்த்தினால் ஜி7-க்குத் திரும்ப இன்னொரு நகர்த்தல் போய்விடும். சும்மா இருக்க ஆசைப்படும் கறுப்பைச் சும்மா இருக்க விதி விடாது. ஓரத்தில் உதிரிச் சிப்பாய் ஒன்றை வைத்தால் அது ஒரு படி நகர்ந்து காலத்தைக் கழித்துக் கொடுக்கும். இந்த ஒற்றை ‘டெம்போ’வைத் தேடி வைப்பதற்குள் அமைப்பவருக்கு விடிந்துவிடும். ஒரு ஓட்டையை அடைக்க வைத்த காய் வேறு இரண்டு ஓட்டைகளைத் திறப்பது வாடிக்கை.

தீம்களில் ஹெல்ப்மேட்டுக்கென்றே பொருந்திவந்தது ஹங்கேரியர் ஜிலாஹியின் பெயரில் உள்ளது. வெள்ளையிடம் இரண்டு காய்கள். முதல் விடையில் ஒன்றைக் கறுப்பு வெட்டும், மற்றது மேட் கொடுக்கும். இரண்டாவது விடையில் வெட்டுப்பட்டது மேட் கொடுக்கும், மேட் கொடுத்தது வெட்டுப்படும். கேட்க எளிமை, கட்ட நரகம். தன் உயிரைக் கொடுக்கும் காய் வெறுமனே செத்தால் போதாது, அது செத்ததால்தான் வழி பிறந்தது என்று இருக்க வேண்டும். இன்னொரு வகையில் முதல் விடையில் நேர்கோட்டில் நடந்ததெல்லாம் இரண்டாவதில் மூலைக்கோட்டில் நடக்கும்: யானையின் வேலையை மந்திரி செய்யும், மந்திரியின் வேலையை யானை. ஜிலாஹியின் நாட்டவரான ஜியோர்ஜி பாரோஸ் இந்தத் துறையில் எட்டிய உயரத்தை இன்றும் பேசுகிறார்கள்.

இவர்கள் நிலையைக் கட்டுவது தலைகீழ் வரிசையில். முதலில் மேட் படம், பிறகு அங்கிருந்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கி. ஒரு காயும் வெட்டியாக நிற்கக்கூடாது. (மேலே சி1-ல் நின்ற வெள்ளை ராஜா வெட்டிதான். விதிப்படி ராஜா பலகையில் இருந்தாக வேண்டும் என்பதால் மன்னித்துவிடுவார்கள்.) ஏழு காய்க்குள் அடங்கினால் அதை ‘மினியேச்சர்’ என்று தனி மரியாதையோடு அழைப்பார்கள்.

முன்பெல்லாம் குக் இருக்கிறதா என்று கையால் தேட வேண்டும். அச்சாகி மாதக்கணக்கில் கழிந்த பிறகு எங்கோ ஒரு வாசகர் கண்டுபிடித்து எழுதுவார், அமைத்தவர் மானம் போகும். இப்போது ‘பொப்பாய்’ என்ற இலவச நிரல் சிறிய ஹெல்ப்மேட்டை நொடியில் அலசிவிடுகிறது. சோதித்துத் தேறியவற்றின் கீழே ‘சி+’ என்று குறி போடுகிறார்கள். சரியா தப்பா என்பதைத்தான் கணினி சொல்லும். இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றனவா என்பதை இன்னமும் மனிதக் கண்தான் பார்க்கிறது. ஏற்கெனவே வேறு யாராவது இதைச் செய்துவிட்டார்களா என்பது அடுத்த தலைவலி. அதற்கு ஜெர்மனியில் 1924-ல் தொடங்கிய ‘ஷ்வால்பே’ சங்கத்தார் திரட்டிய சிக்கல் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது.

இதற்கென்று அமைப்புகளும் பட்டங்களும் உண்டு. 1918-ல் தொடங்கிய பிரிட்டிஷ் செஸ் சிக்கல் சங்கம் ‘தி பிராப்ளமிஸ்ட்’ இதழை நடத்துகிறது. 1956-ல் புடாபெஸ்டில் செஸ் சிக்கலுக்காக உருவான நிரந்தர ஆணையம் 2010 முதல் உலகச் செஸ் சிக்கல் கூட்டமைப்பாக இயங்குகிறது. சிறந்த சிக்கல்கள், உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் பெயரிலான ‘ஃபிடே ஆல்பம்’ தொகுப்பில் ஏறும். அதில் சேரும் புள்ளிகள் 12 ஆனால் ஃபிடே மாஸ்டர், 25-க்கு சர்வதேச மாஸ்டர், 70-க்கு கிராண்ட்மாஸ்டர். தீர்ப்பவர்களுக்கும் 1977 முதல் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஹெல்ப்மேட்டுக்கு அதில் தனிச் சுற்று. பலகை ஆட்டத்தில் கிராண்ட்மாஸ்டரான இங்கிலாந்தின் ஜான் நன் 2004, 2007, 2010 ஆகிய மூன்று முறை அதை வென்றவர்.

இந்தியாவிலிருந்து சி.ஜி.எஸ். நாராயணன், என். ஷங்கர் ராம் போன்றவர்களின் பெயர்கள் இந்த வட்டாரத்தில் பழக்கமானவை. ஆனால் 1988-ல் ஆனந்த் முதல் இந்திய கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து பயிற்சியாளர்களையும் அகாடமிகளையும் வளர்த்துக்கொண்ட தமிழ்ச் சமூகம், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது மிகக் குறைவு. எதிராளி இல்லாத செஸ்ஸுக்குப் பெரிய பரிசுப் பணம் இல்லை, பலகை ஆட்ட ரேட்டிங் ஏறாது, வேலை ஒதுக்கீடு கிடைக்காது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவான செஸ் கிடையாது. வெளியூர்ப் போட்டிக்கு லாட்ஜ் எடுக்க வேண்டாம், நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டாம், எதிரே உட்கார ஆள்கூட வேண்டாம். பலகையும் பொப்பாயும் இருந்தால் சேதராப்பட்டிலிருந்தே பிரிட்டிஷ் இதழுக்கு ஒரு சிக்கலை மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆசிரியர் முதலில் பார்ப்பது குக் இருக்கிறதா என்று, அடுத்து முன்பே வந்திருக்கிறதா என்று. இரண்டிலும் தப்பினால் அச்சேறும். ஆரம்பிக்க நினைப்பவர்கள் மேலே உள்ள ஐந்து காய் நிலையையே எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு ராஜா இரண்டு விடையிலும் எச்8-க்கே போகிறதே, அந்தக் குறையைப் போக்க எத்தனை காய் கூட்ட வேண்டும்?