முத்திரையும் சம்பள ஏற்றமும்: 1961 சட்டமறுப்பின் கணக்கு

நியூ ஜேர்சியில் எமது பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே ரோசா பார்க்ஸைப் படித்து விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து, ஆயுதம் தூக்க முன்னம் நீங்கள் இப்படி ஒன்றும் செய்து பார்க்கவில்லையா என்று கேட்கிறார்கள். சத்தியாக்கிரகம் செய்தோம், அடித்தார்கள் என்று சொல்லி நாங்கள் நிறுத்தி விடுகிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால் எந்தச் சட்டத்தை, எங்கே, எப்படி மறுத்தோம், அது ஏன் வேறு விதமாக முடிந்தது என்பதற்கு அந்தப் பதில் போதாது.

சட்டமறுப்பு என்றால் நியாயமற்றது என்று கருதும் சட்டத்தையோ அரச உத்தரவையோ ஒளிவு மறைவின்றி மீறுவதும், வருகிற தண்டனையை ஏற்பதும் ஆகும். அனுமதி பெற்று நடக்கும் ஊர்வலம் இதில் சேராது. பொலிஸ் எழும்பச் சொன்ன பிறகும் வீதியில் குந்தியிருப்பது சேரும். இந்த நாட்டில் இன்னும் கிரீன் கார்டோடு இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருப்பது நல்லது. குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்கிறது. வழக்குத் தள்ளுபடியாகி இருந்தாலும் அதை எழுதத்தான் வேண்டும்.

இனி 1961. தனிச் சிங்களச் சட்டம் 1956இல் நிறைவேறினாலும், அதை முழுமையாக நடைமுறைப்படுத்த 1960 டிசம்பர் 31 வரை இடம் விட்டிருந்தது. அந்தத் தவணை முடிந்து ஏழு கிழமைக்குப் பிறகு, பெப்ரவரி 20ஆம் திகதி, தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் குந்தினார்கள். முதல் நாளே பொலிஸ் அடி. நாகநாதன் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதற்குத் தப்பவில்லை. கூட்டம் கலையாமல் பெருகியது; பெண்கள் திரளாக வந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா கச்சேரிகளுக்கும் மறியல் பரவியது. கச்சேரி என்பது மாவட்டத்தில் அரசாங்கத்தின் கையும் காலும். அதை மூடினால் அரசின் அன்றாட அலுவல் நின்றுவிடும் என்பதே திட்டம். நின்றதும் உண்மை. ஏறக்குறைய இரண்டு மாதம் வடக்கு கிழக்கில் அரச நிர்வாகம் முடங்கிக் கிடந்தது.

பற்று வரவு எழுதிச் சீவிக்கும் எங்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். நட்டம் யாருடைய பக்கத்தில் பதிவானது? மொன்ட்கொமறியில் 1955 டிசம்பர் தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. பயணிகளில் பெரும்பான்மையினர் அவர்களே. ஆகவே ஒவ்வொரு நாளும் பஸ் கம்பனியின் வருமானம் விழுந்தது. கூடவே ஒரு வழக்கும் ஓடியது. 1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பஸ்ஸில் இனப்பிரிப்பு செல்லாது என்றது. யாழ்ப்பாணக் கச்சேரி மூடிக் கிடந்தபோதோ காணி அலுவலும் லைசென்ஸும் தடைப்பட்டது எமது சனத்துக்குத்தான். கொழும்பில் ஒரு சிங்கள வாக்காளருக்கும் அதனால் தேநீர் ஆறிப்போகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் நீதி அமைச்சர் சாம் பி. சி. பெர்னாண்டோவோடு நடந்த பேச்சுவார்த்தை வெறுங்கையோடு முடிந்ததில் எங்களுக்கு வியப்பில்லை.

அதன் பிறகு வந்ததுதான் முத்திரை. ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசு தபால் சேவை தொடங்கியது. செல்வநாயகமே முன்னின்று முத்திரையும் தபால் அட்டையும் விற்றார்; சனம் வரிசையில் நின்று வாங்கியது. கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கும் உரிமை சட்டப்படி அரசுக்கு மட்டுமே உண்டு. சில சதக் காசு விவகாரம்தான். ஆனால் முத்திரை ஒட்டுவது வரி அறவிடுவதற்குப் பக்கத்து வீடு. இரண்டு மாதக் குந்தலைச் சகித்த அரசு இதை மூன்று நாள்தான் சகித்தது. ஏப்ரல் 17 இரவு அவசரகாலச் சட்டம் வந்தது. இராணுவம் கச்சேரி வாசலில் இருந்தவர்களை அடித்து விரட்டியது. தலைவர்கள் பணகொடை முகாமில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

இதே மறுப்பை அமெரிக்காவும் கண்டிருக்கிறது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. 1844இல் லைசாண்டர் ஸ்பூனர் என்ற சட்டத்தரணி, அரச தபாலுக்குப் போட்டியாக நியூயோர்க், பொஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்கிடையில் சொந்த முத்திரையோடு கடிதம் அனுப்பத் தொடங்கினார். நியூயோர்க்கிலிருந்து பொஸ்டனுக்கு அரசு 18 சதத்துக்கு மேல் வாங்கிய காலம். அவர் அதில் மூன்றிலொரு பங்குதான் கேட்டார். வழக்குகள் போட்டார்கள், ஆட்களைப் பிடித்தார்கள், கம்பனி மூடுண்டது. ஆனால் 1845இல் காங்கிரஸ் 300 மைலுக்கு உட்பட்ட கடிதத்துக்கு 5 சதம் என்று கட்டணத்தைக் குறைத்தது. அதோடு தன் தனியுரிமையையும் இறுக்கிக் கொண்டது. கட்டணக் குறைப்பைக் கேட்ட வணிகர்களின் வாக்கு காங்கிரஸ்காரருக்குத் தேவைப்பட்டது. எமது வாக்கு கொழும்பில் எவருக்கும் தேவைப்படவில்லை. எங்கள் பார்வையில் 1961 தோற்றதற்கு இதுவே முதற் காரணம். துணிவு குறைந்ததால் அல்ல.

நீதிமன்ற வழி என்ன ஆனது? அதற்கும் ஒரு மறுப்புத்தான் பிள்ளையார் சுழி போட்டது. எழுதுவினைஞர் கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1961 டிசம்பரில் வந்த திறைசேரிச் சுற்றுநிருபத்தின்படி அவருடைய சம்பள ஏற்றம் 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதால் அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று 1964இல் மாவட்ட நீதிமன்றம் சொன்னது. ஒரு எழுதுவினைஞரின் சம்பளப் பட்டியலில் விடுபட்ட ஒரு வரி நாட்டின் மொழிச் சட்டத்தையே ஆட்டியது. இந்த வழக்கை எமது பிள்ளைகளுக்கு ரோசா பார்க்ஸுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லலாம் என்பது எங்கள் எண்ணம்.

1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969 டிசம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில் அது தவறு, வழக்குப் போடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 1972இன் புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கேள்வியைக் கொழும்பில் எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்க்கவில்லை.