பாலையும் சப்பாத்தியையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகுமா?

திருமுல்லைவாயிலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. தயிர்சாதம், சப்பாத்தி, பிஸ்கட்... அவன் சாப்பிடுவதே இந்த மூன்றைத்தான். 'பாலும் கோதுமையும் மூளையைக் கெடுக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வந்த தகவலை நம்பி, மூன்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார் அக்கா. ''ரெண்டு நாளா தண்ணியைத் தவிர எதையும் தொடமாட்டேங்கிறான்ப்பா'' என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை?

1979-ல் யாக் பாங்செப் என்ற ஆய்வாளர், மூளையில் இயற்கையாகவே சுரக்கும் ஓபியாய்டு வேதிப்பொருள்கள் அதிகமாவது ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். கோதுமையின் குளூட்டன், பாலின் கேசின் ஆகிய புரதங்கள் சரியாகச் செரிக்காமல் ரத்தத்தில் கலந்து, மூளையில் அதே வேலையைச் செய்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

சோதித்ததில் என்ன தெரிந்தது?

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில், இந்த உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த 14 குழந்தைகளுக்கு குளூட்டன், கேசின் கலந்த தின்பண்டங்களையும் கலக்காதவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எதுவென்று பெற்றோருக்கும் தெரியாது. நடத்தை, தூக்கம், மலம் கழிப்பது எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால், இந்த டயட் ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்றுவரை இல்லை.

மூளை வேதியியலுக்குத் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆட்டிசம் உள்ள சிலரின் ரத்தத்தில் செரோட்டோனின் அதிகம் இருப்பது 1961-லேயே கண்டறியப்பட்டது. அதற்காக, சப்பாத்தியை நிறுத்தினால் அது சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை.

அம்மாக்கள் கவனிக்க...

* பாலை நிறுத்தினால் கால்சியம், புரதம் குறையும். எலும்பு பலவீனமாகலாம்.
* மலச்சிக்கல், வயிற்றுவலி இருந்தால் தனியாக சிகிச்சை எடுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை, அடம்பிடித்துதான் காட்டும்.
* கோதுமை ஒவ்வாத 'சீலியாக்' நோய் என்று சந்தேகமா? கோதுமையை நிறுத்தும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம்.
* எதை நிறுத்துவதானாலும் குழந்தைநல மருத்துவர், டயட்டீஷியனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி போன்றவற்றுக்கு, சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

மூன்றாம் நாள் டாக்டரிடம் பேசிவிட்டு, தயிர்சாதம் பிசைந்தார் அக்கா. கிண்ணம் காலியானது.