குருதி காட்டும் குறி

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்து, சிறியதொரு சுரப்பி அமைந்துள்ளது. முன்னிற்குஞ் சுரப்பி என்று பாடநூல்களும் புரொஸ்டேற் என்று வைத்தியசாலைகளும் வழங்குவது இதனையே. முதுமையில் இது பருத்தல் பெரும்பாலார்க்கு இயல்பு. சிலரிடத்தே புற்றுநோயும் தோன்றும். தொடக்கத்தில் நோவு எதுவுங் காட்டாத அந்நோயை, உடலிலுள்ள யாதேனுமொரு மூலக்கூற்றைக் கொண்டு அறிதல் கூடுமா?

முதல் விடை 1938ஆம் ஆண்டிற் கிடைத்தது. நோய் எலும்புக்குப் பரவியோரின் குருதியில் அமில பொசுபற்றேசு என்னும் நொதியம் மிகுந்திருத்தலை அமெரிக்காவிலே கட்மன் தம்பதியர் கண்டனர். ஆயின், எலும்பை எட்டியபின் வருஞ் செய்தி காலங்கடந்த செய்தியன்றோ?

1979இல் பபலோ நகரின் ரொசுவெல் பார்க் நிலையத்தார் இச்சுரப்பியிலிருந்து வேறொரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பீ.எஸ்.ஏ. என இன்று பலரும் அறிந்தது அதுவே. விந்தை நீர்மையாக்குதல் அதன் தொழில். நலமுள்ள சுரப்பியிலிருந்து அது குருதியிற் கலப்பது மிகச் சிறிதளவே. சுரப்பியின் கட்டமைப்புச் சிதையுமிடத்துக் கூடுதலாகக் கசியும். வயல் வரம்பு உடைந்தால் நீர் கசியும். உடைத்தது நண்டா வெள்ளமா என்பதைக் கசிவு கூறாது. அவ்வாறே, புற்றுநோயானும், வெறும் வீக்கத்தானும், கிருமித் தொற்றானும் இவ்வளவு உயரலாம். பீ.எஸ்.ஏ. சுரப்பிக்கு உரிய குறியேயன்றிப் புற்றுநோய்க்கே உரிய குறியன்று.

மில்லிலீற்றருக்கு 4 நனோகிராம் என்பது நெடுங்காலம் எல்லையாகக் கொள்ளப்பட்டது. அவ்வெல்லைக்கு உட்பட்டோரிலும் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினைவரிடம் புற்றுநோய் இருந்தமையை 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. எல்லை கடந்து, ஊசியால் இழையம் எடுத்துச் சோதிக்கப்பட்டோரிற் பலரிடமோ நோய் காணப்படவில்லை. நோய் கண்டாரிலுஞ் சிலரது கட்டி வாழ்நாள் முழுவதும் ஊறு செய்யாது மெல்ல வளர்வது. அத்தகையோர் அறுவைக்குட்பட்டுச் சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் ஆண்மையையும் இழக்க நேரின், அஃது எளிய இழப்பன்று.

ஆகவே புற்றுக்கலத்துக்கே உரிய குறியை ஆய்வாளர் தேடலாயினர். 1999இல் அறிவிக்கப்பட்ட பீ.சீ.ஏ. 3 என்பது, புற்றுக்கலங்களில் மிகுதியாகத் தோன்றும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு, சிறுநீரிலேயே அதனை அளக்கலாம். 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் வியப்புக்குரியது. இருபத்தோராம் நிறமூர்த்தத்திலே தனித்தனியே இருக்கவேண்டிய இரு பரம்பரையலகுகள் புற்றுக்கலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நலமுள்ள கலத்தில் இவ்விணைப்புக் காணப்படுவதில்லை. எனினும் ஏறக்குறையப் பாதிக் கட்டிகளிலேயே இஃதுண்டு. இல்லையென்ற விடையால் ஒருவர் மனந்தேற இயலாது.

இக்காரணங்களால் பீ.எஸ்.ஏ. இன்றும் வழக்கொழியவில்லை. உயர்ந்த அளவு கண்டவிடத்து, தொற்றிருப்பின் அதனை நீக்கிச் சில வாரங்களின் பின் மீண்டும் அளப்பர். காந்தப் படமெடுத்து ஐயமான இடத்தை நோக்கிய பின்னரே ஊசியை நாடுதல் பல நாடுகளில் இன்றைய முறை. சுரப்பி வீக்கத்துக்காகப் பினாஸ்ரறைட் என்னும் மருந்தை உட்கொள்வோர் அதனை வைத்தியரிடம் தவறாது கூறுதல் வேண்டும். சில மாதங்கள் உட்கொண்டபின் அம்மருந்து பீ.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அவரது அறிக்கையில் 3 என்றிருப்பதை வைத்தியர் 6 என்றே கொள்வர்.