நீலம் மாம்பழமும் ஒட்டுக்கன்றும்

நீலம் பழத்தை அறுத்தால் கருவண்டு வருதே, தோலில் ஓட்டையே இல்லாமல் அது எப்படி உள்ளே போச்சு? பிஞ்சா இருக்கும்போதே தாய் வண்டு தோலைக் கீறி முட்டை வைச்சிடும். புழு குடைஞ்சு கொட்டைக்குள் போயிடும். பிஞ்சு வளர வளரக் காயம் மூடிக்கும். அவ்வளவுதான்!

அதுக்காக நீலத்தை மட்டமா நினைக்காதீங்க. பல மாமரங்கள் ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் சும்மா நிற்கும். நீலம் வருஷா வருஷம் காய்க்கும். இந்தக் குணத்துக்காகவே டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் வடநாட்டு தசேரியோடு நீலத்தைக் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்ற ரகங்களை உண்டாக்கினார்கள். மல்லிகாவுக்குத் தாய் நம்ம நீலம்தான்!

ஆனால் நீலம் கொட்டையை ஊன்றினால் அதே நீலம் வராது. எந்த மரத்து மகரந்தம் சேர்ந்ததோ, யாருக்குத் தெரியும்? அதனால் நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி, நல்ல மரத்துக் குச்சியைச் சொருகிக் கட்டுவார்கள். இதுதான் ஒட்டுக்கன்று. பிளம், பீச் மரங்களையும் இப்படித்தான் வளர்க்கிறார்கள்.

எங்கள் தெரு ஆச்சி ஒருவர் 'ஒட்டு' என்று சொன்னதை நம்பி ஒரு கன்று வாங்கி, ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றினார். காய்த்தது புளிப்பு நார்க்காய். வருஷா வருஷம் உப்புப் போட்டு வத்தல்தான் போடுறாங்க. (வத்தக்குழம்புக்கு அது ருசிதான்!)

கன்று வாங்கும்போது தண்டின் அடிப்பக்கம் ஒட்டுத் தழும்பு இருக்கா என்று பாருங்கள். நட்ட பிறகு தழும்புக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிடணும். விட்டால் நாட்டுச்செடி மேலே வந்து ஒட்டை அமுக்கிடும்.