கினி பிக் சாப்பிடலையா? முதல்ல பல்லைக் கவனிங்க

ஆரணியில எங்க தெருவுலயே இப்போ மூணு வீட்ல கினி பிக் வளர்க்குறாங்க. (அகராதியில 'சீமைப் பெருச்சாளி'ன்னு போட்டிருக்கு. அந்தப் பேரைச் சொன்னா எந்தப் பாட்டியும் வீட்டுக்குள்ள விட மாட்டாங்க.) அதனால இன்னிக்கு அதோட பல் விஷயம்.

கினி பிக்குக்கு 20 பல். இருபதுமே ஆயுசு முழுக்க வளரும். எலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் முன்பல் நாலு மட்டும்தான் அப்படி. தறியில பாவை நினைச்சுக்கோங்க. நெய்ய நெய்ய அவிழணும். நெசவு நின்னு பாவு மட்டும் அவிழ்ந்துகிட்டே இருந்தா தொய்ஞ்சு சிக்கிடும். இங்க நெசவுங்கிறது புல்லை மெல்லுறது. வெறும் பெல்லட்டும் கேரட்டும் போட்டா தேய்மானம் பத்தாது. கீழ்க் கடைவாய்ப் பல் உள்பக்கமா சாய்ஞ்சு வளர்ந்து, நாக்குக்கு மேல பாலம் கட்டிடும். பசிக்கும், தட்டுகிட்ட வரும், முகர்ந்து பார்க்கும், முழுங்க முடியாம திரும்பிடும். தாடை எச்சில்ல நனைஞ்சிருக்கும்.

உடனே நகவெட்டியால முன்பல்லை வெட்டாதீங்க. பல் நீளவாக்குல பிளந்து, வேர்ல சீழ் பிடிக்கலாம். அதோட, எர்ரர் ஃப்ரண்ட் எண்டுல தெரிஞ்சாலும் பக் பெரும்பாலும் பேக் எண்டுலதான். அந்தக் குட்டி வாய்க்குள்ள கடைவாய்ப் பல்லைச் சரியா பார்க்கவும், சின்ன டிரில்லால ராவவும் மயக்க மருந்து வேணும்.

நாய், பூனைக்குச் சொல்ற மாதிரி முந்தின ராத்திரியே பட்டினி போடக் கூடாது. கினி பிக்கால வாந்தி எடுக்க முடியாது. ஆனா சில மணி நேரம் சாப்பிடலைன்னாலே குடல் நின்னுபோற ஆபத்து இருக்கு. நிறைய உயிர் போறது பல்லால இல்ல, இதனாலதான். ஆபரேஷன் முடிஞ்சதும் வலி மருந்தும், ஊறவெச்ச பெல்லட் கூழை சிரிஞ்சுல ஊட்டுறதும் கட்டாயம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். குழந்தைக்கு வாங்கின அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்கேன்னு ஊத்திடாதீங்க. அது குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவை அழிச்சு, உயிரையே எடுத்துடும்.

சென்னை வேப்பேரியில 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. ஆனா ஆரணியில இருந்து பஸ்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். எங்க போறதா இருந்தாலும், 'கினி பிக்குக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் இருக்கா'ன்னு முன்னாடியே போன் பண்ணிக் கேளுங்க. வழி முழுக்கப் புல் கூடவே இருக்கட்டும்.

வீட்ல தினமும் புல்தான் பிரதான சாப்பாடு. மருந்து அடிக்காத அருகம்புல் போதும். வைட்டமின் சி அதுக்கு உடம்புல ஊறாது, கொஞ்சம் கொய்யா கொடுங்க. வாரம் ஒருமுறை கிச்சன் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. வாய்க்குள்ள நடக்குறது பெரும்பாலும் அந்த நம்பர்லதான் முதல்ல தெரியும்.