சோதனை வரும் வேளையில் விழித்திருப்போம்

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில், இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுகின்றது. 40 நாட்கள் நோன்பிருந்து அவர் பசியுற்ற வேளையிலேயே அலகை அவரை அணுகியது. கற்களை அப்பமாக்கும்படியும், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படியும், தன்னை வணங்கி உலக அரசுகளைப் பெற்றுக்கொள்ளும்படியும் தூண்டியது.

பசித்தவர் உணவை நாடுவது இயல்பே. நியாயமான தேவையைக் காட்டியே இறைநம்பிக்கையைக் குலைக்க முயல்வது சோதனையின் சூழ்ச்சியாகும். ஆலய உச்சியில் அலகை 91ஆம் திருப்பாடலையே மேற்கோள் காட்டியது. ஆகவே மறைநூலை அறிந்திருப்பது மட்டும் போதாது. அதற்குப் பணிதலும் வேண்டும். இயேசு மூன்று முறையும் இணைச்சட்ட நூலின் வார்த்தைகளாலேயே சுருக்கமாக மறுமொழி கூறினார்.

சோதிக்கப்படுவது பாவமன்று. இயேசுவும் நம்மைப் போலச் சோதிக்கப்பட்டார், எனினும் பாவம் செய்யவில்லை என்று எபிரேயர் திருமுகம் கூறுகின்றது. ஏற்ற காலம் வரும்வரையே அலகை அவரைவிட்டு அகன்றதாக லூக்கா குறிப்பிடுகின்றார். இலஞ்சப் பணத்தை இன்று மறுத்தவரிடம், பிள்ளையின் வைத்தியச் செலவு நெருக்கும் நாளில் அதே கை மீண்டும் நீளக்கூடும். அன்று கூறவேண்டிய பதிலை இன்றே செபத்தில் உறுதிசெய்துகொள்வது நோன்பின் பயனாகும்.